மாமல்லபுரம் வந்தவர் ஊருக்கு எப்படிப் பேசுவார்?

கடற்கரைக் கோயிலைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர் அம்மாவிடம் பேச முன்பெல்லாம் ஐ.எஸ்.டி. பூத்துக்குத்தான் போகணும். பேசப் பேச மீட்டர் ஓடும், பேசி முடித்ததும் குட்டி மெஷின் பில் துப்பும். 2002 ஏப்ரலில் வி.எஸ்.என்.எல்.லின் ஏகபோகம் முடிந்து, இன்டர்நெட் வழியாகப் பேசவும் அனுமதி வந்தது. அப்புறம் பிரவுசிங் சென்டரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஸ்கைப். அந்த ஸ்கைப்பும் 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது.

இப்போது பேசுவதற்குத் தனியாகச் செலவே இல்லை. வாட்ஸப் போதும், டேட்டா இருந்தால். ஆனால் அந்த டேட்டாவுக்கு ஒரு இந்திய சிம் வாங்குவதுதான் பெரும்பாடு!

சொந்த நாட்டு சிம்மிலேயே ரோமிங் போடலாமே என்பீர்கள். அதுதான் இருப்பதிலேயே பர்ஸைக் கடிக்கிற வழி. ஐரோப்பிய யூனியனுக்குள் 2017 ஜூனிலிருந்து ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. அந்தப் பழக்கத்தில் இங்கே வந்தும் டேட்டாவை அணைக்காமல் விட்டால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும். பயணிகளுக்கான இ-சிம் இன்னொரு வழி. ஊரில் இருக்கும்போதே போனில் ஏற்றிக்கொண்டு வரலாம். பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், இந்திய எண் கிடைக்காது. இந்திய எண் இல்லாவிட்டால் என்ன ஆகும்? செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கி இலவச வைஃபை போடப் பார்த்தால் முதலில் ஓ.டி.பி. கேட்கும். அங்கேயே கதை முடிந்தது.

ஆக, இங்கே நாலு வாரம் சர்ஃபிங் கற்கவோ சிற்பப் பட்டறையில் உட்காரவோ வருகிறவருக்கு இந்திய ப்ரீபெய்டு சிம்தான் மலிவு. 2024 ஜூலையில் எல்லோரும் கட்டணத்தை ஏற்றிய பிறகும் 28 நாளுக்கு 2 ஜி.பி. டேட்டாவோடு ஜியோவில் 189 ரூபாய், ஏர்டெல்லில் 199 ரூபாய் என்றுதான் வைத்தார்கள். சொந்த ஊர் சிம்மை இரண்டாவது துளையில் டேட்டா அணைத்து வைத்தால் பேங்க் மெசேஜும் வந்துவிடும். (அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் சிம் துளையே கிடையாது. அவர்கள் கடையில் இ-சிம்மாகக் கேட்கணும்.)

ஆனால் அந்த 199 ரூபாய் சிம்முக்கு பாஸ்போர்ட், விசா, போட்டோ, தங்கும் இடத்து முகவரி எல்லாம் வேண்டும். போதாததற்கு உள்ளூர்க்காரர் ஒருவரின் எண்ணும் கேட்பார்கள். நேற்று ராத்திரி விமானத்தில் இறங்கியவருக்கு உள்ளூர்க்காரர் யார்? கெஸ்ட் ஹவுஸ் தம்பிதான். தம்பியும் பாவம் பார்த்து, "இதுக்கு ஏன் சார் அலையறீங்க" என்று தன் ஆதாரிலேயே ஒரு சிம் வாங்கிக் கொடுத்துவிடுவார்.

சீசனில் ஒத்தவாடைத் தெரு கடைகளில் வேலை பார்க்கும் நண்பர்களே, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த எண்ணில் யார் யாரை ஏமாற்றினாலும் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். ஏமாற்றியோ ஆள் மாறாட்டம் செய்தோ சிம் பெற்றால் 3 வருடம் வரை ஜெயில், 50 லட்சம் வரை அபராதம் என்கிறது 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம். உதவணும் என்றால் அவரோடு கடைக்குப் போய், அவர் பெயரிலேயே வாங்கிக் கொடுங்கள்.

கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு சிம் விஷயத்தில் இறுக்கிப் பிடிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் பாஸ்போர்ட்டும் விசாவும் கொடுத்தவரைப் பற்றி அரசுக்குத் தெரியாதது அந்த கெஸ்ட் ஹவுஸ் தம்பிக்கு என்ன தெரியும்? நேர்வழி கஷ்டமாக இருப்பதால்தான் ஆட்கள் குறுக்குவழிக்குப் போகிறார்கள். யார் கையில் எந்த எண் என்பதே தெரியாமல் போகிறது. பாதுகாப்பு என்று பார்த்தாலும் இது நஷ்டம்தானே?

பக்கத்து இலங்கையில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். நம்மூரிலும் 2017 பிப்ரவரியில் இ-விசா பயணிகளுக்கு 50 ரூபாய் பேச்சு நேரமும் 50 எம்.பி. டேட்டாவும் போட்ட பி.எஸ்.என்.எல். சிம்மை டெல்லி விமான நிலையத்தில் இலவசமாகத் தர ஆரம்பித்தார்கள். யோசனை டெல்லியில் உதித்தால் மாமல்லபுரத்துக்கு வரக்கூடாதா என்ன! 2021-22-ல் தொல்லியல் துறை டிக்கெட் போடும் இடங்களில் வெளிநாட்டினர் அதிகம் வந்தது தாஜ்மஹாலுக்கு இல்லை, நம்ம ஊருக்குத்தான்: 1,44,984 பேர். 2022-ல் செஸ் ஒலிம்பியாடே இங்கே நடந்தது.

அதனால் ஐந்து ரதம் டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் பி.எஸ்.என்.எல். ஒரு மேஜை போடட்டும். பாஸ்போர்ட், விசா, ஒரு போட்டோ, விசா முடியும் நாள் வரை உயிரோடு இருக்கும் சிம். உள்ளூர் எண் கேட்கவேண்டாம். 300 ரூபாய் வாங்கினாலும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.