அண்ணாச்சி, கல்லாவில் உட்கார வையுங்கள்

கோவில்பட்டிச் சொந்தபந்தங்களுக்கு,

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறோம் என்று தெரிந்ததிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மத்ததெல்லாம் சரி, கணக்கு யார் சொல்லிக் கொடுக்கிறது?" நான்தான். பி.காம் படித்த நான்தான்.

டெக்சாஸில் இது ஒளித்துச் செய்யும் காரியமல்ல. வீட்டுப் பள்ளியும் தனியார் பள்ளிதான் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்துவிட்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, குடிமைப் பண்பு ஐந்தையும் ஒழுங்காகக் கற்பிக்க வேண்டும். அரசுத் தேர்வு கிடையாது. அதில் எனக்கு நிம்மதி, பெரியப்பாவுக்குக் கவலை.

சின்னவனுக்குக் குயிசனேர் குச்சிகள். பெல்ஜியத்து ஆசிரியர் ஒருவர் உருவாக்கியவை. வெள்ளை 1 செ.மீ., ஆரஞ்சு 10 செ.மீ., இடையில் ஆளுக்கொரு நிறம். ஆரஞ்சை வைத்து அதன் நீளத்துக்கு மற்றதை அடுக்கிக்கொண்டே இருப்பான். கறுப்போடு இளம்பச்சை சேர்ந்தால் சரியாக நிற்கும். 7-ம் 3-ம் 10 என்று நான் சொல்லவே இல்லை.

பெரியவளுக்குப் பின்னம் பிடிபட்டது இஞ்சு டேப்பில். இங்கே மரவேலை இன்னும் இஞ்சில்தான். அரை, கால், அரைக்கால், 1/16 என்று ஒவ்வொன்றையும் பாதியாக்கிக்கொண்டே போகும். புத்தக அலமாரிக்குப் பலகை அறுக்கும்போது 3/8 பெரிதா 5/16 பெரிதா என்று தெரியாவிட்டால் பலகை வீண். (திண்ணைப் பள்ளியில் மாகாணி வாய்ப்பாடு ஒப்பித்த நம் பாட்டன்மார் அவளோடு நன்றாகப் பேசியிருப்பார்கள், அந்த 1/16 மாகாணிதானே.) சதவீதத்துக்குக் கடையே போதும். டாலஸில் விற்பனை வரி 8.25%, விலைச்சீட்டில் அது சேராது. அரிசி பருப்புக்கு வரி இல்லை, மிட்டாய்க்கு உண்டு. கையில் 5 டாலரோடு நிற்கிற பிள்ளை தானே கணக்குப் போடும்.

இங்குள்ள வீட்டுப்பள்ளிக்காரர் சிலர் இன்னும் தூரம் போவார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் நகரில் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்த பெனசெட், 1929-இல் சில வகுப்புகளில் முறையான கணக்குப் பாடத்தையே தள்ளிப்போட்டார். பிள்ளைகள் பிறகு சீக்கிரமே எட்டிப் பிடித்துவிட்டார்கள். அதைக் காட்டி, வாய்ப்பாடே வேண்டாம் என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. பெனசெட் பாடத்தைத்தான் நிறுத்தினார். அளப்பதையும் மதிப்பிடுவதையும் நிறுத்தவில்லை. எங்கள் வீட்டில் 12-ஆம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் உண்டு. குச்சியில் புரிந்தபின் மனப்பாடம், அவ்வளவுதான்.

கஷ்டமும் உண்டு. அம்மாவே டீச்சர் என்றால் காலையில் வகுத்தலுக்குப் போட்ட சண்டை மதியச் சாப்பாடு வரை நீளும். அல்ஜீப்ரா முற்றும்போது வேறு ஆள் பார்த்தாக வேண்டும். உங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் நம்மூரில் என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

ஜூனில் வருகிறோம். வந்ததும் "பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு" என்று வாசலில் நிறுத்தாதீர்கள். ஒரு கணக்கைக் கொடுத்து, எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள். கடலைமிட்டாய்க் கடை அண்ணாச்சியிடம் ஒரு வேண்டுகோள்: இரண்டு பேரையும் உங்கள் பேரப்பிள்ளைகளோடு சேர்த்து ஒரு சாயங்காலம் கல்லாவில் உட்கார வையுங்கள். சில்லறை குறைந்தால் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
டாலஸிலிருந்து உங்கள் வீட்டுப் பெண்