கட்டணம் யார் கையில்?

2023 நவம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் ஒரு தாளுக்கான தேர்வுக் கட்டணத்தை 150 ரூபாயிலிருந்து 225 ரூபாயாக உயர்த்தியது. ஆறு தாள் எழுதுபவருக்கு 450 ரூபாய் கூடுதல். அரியர் இருந்தால் இன்னும் எகிறும். எதிர்ப்பு கிளம்பியதும், அந்தப் பருவத்துக்கு உயர்வு இல்லை என்றார் உயர்கல்வி அமைச்சர். உயர்த்தியது பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்; நிறுத்தியது கோட்டை. அந்த சிண்டிகேட்டில் உயர்கல்வித் துறைச் செயலரும் உறுப்பினர் என்பதுதான் வேடிக்கை.

விலைவாசி ஏறும்போது தேர்வு நடத்தும் செலவும் ஏறும், மறுப்பதற்கில்லை. ஆனால், அந்தச் செலவை மாணவரிடம் வசூலிப்பதா, மானியமாகத் தருவதா என்பது அரசியல் முடிவு. சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லும் அரசே அதை எடுக்கட்டும். வரவு செலவுக் கணக்கைப் பல்கலைக்கழகம் வெளியிடட்டும். எந்த உயர்வானாலும் சேர்க்கை அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும், தேர்வு நெருங்கும் வேளையில் அல்ல.