அவசரப்பட்டுப் பிடுங்காதே!

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன். கல்லூரியில் படிக்கிறான். கிதார் என்றால் அவனுக்கு உயிர்.

கிதாரின் ஒலியைக் கரகரப்பாக மாற்றும் சிறு பெட்டி ஒன்று உண்டு. காலால் மிதித்து இயக்குவார்கள். பெடல் என்று பெயர். அந்தக் கரகரப்பே ஒரு பழுதில் பிறந்ததுதான்! அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு கருவி கெட்டுப்போய்க் கரகரத்தது. மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-ல் வெளிவந்த 'டோன்ட் ஒரி' பாட்டில் அந்த ஒலி அப்படியே இருக்கிறது. மறு ஆண்டே அதே ஒலியைத் தரும் பெடல் விற்பனைக்கு வந்துவிட்டது.

நம் பையன் பெடலைத் தானே செய்தான். இரண்டு மாத வேலை. தன் கையாலேயே ஈயம் வைத்தான். அது நன்றாக ஒலித்தது. அம்மாவையும் தங்கையையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினான்.

ஒரு நாள் பாட்டரி தீர்ந்தது. வீட்டில் பழைய வை-ஃபை பெட்டியின் அடாப்டர் கிடந்தது. 9 வோல்ட் என்று போட்டிருந்தது. பெடலுக்கு வேண்டியதும் 9 வோல்ட். முனையும் கச்சிதமாகப் பொருந்தியது. செருகினான். தீய்ந்த வாடை! பெடல் ஊமையாகிவிட்டது.

காரணம் என்ன? பெரும்பாலான பெடல்களுக்கு முனையின் நடுவில் மைனஸ், வெளியில் பிளஸ். மற்றச் சாமான்களின் அடாப்டர்களில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஒரே அளவு முனையை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் மின்சாரம் அனுப்பினால் பையன் என்ன செய்வான்? முதல் குற்றம் இப்படிச் செய்து விற்பவர்களுடையது என்பேன். அடாப்டரில் படம் போட்டிருக்கிறதே என்பார்கள். கடுகளவு படம்! என் கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வேண்டியிருந்தது.

இரண்டாவது குற்றம் பையனுடையது. அன்று இரவே ஐ.சி.யைப் பிடுங்கினான். ஆறு கபாசிட்டர்களையும் பிடுங்கினான். பலகையில் இருந்த செப்புக் கோடுகள் இரண்டு உரிந்து வந்துவிட்டன. மறுநாள் காலை, "எல்லாம் போச்சு மாமா" என்று என்னிடம் வந்து நின்றான்.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். பெடலின் பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வாசலில் இருந்த டையோடுதான் செத்திருந்தது. அது ஒரு காவல்காரன். மின்சாரம் தலைகீழாக வந்தால் தன் வழியாகத் திருப்பிவிடும். உள்ளே இருப்பவை பிழைக்கும். ஆனால் அது நெடுநேரம் தாங்காது. தீய்ந்து, வெறும் கம்பி போல ஆகிவிடும். அப்புறம் நல்ல பாட்டரி போட்டாலும் மின்சாரம் அந்த வழியே ஓடிவிடும். பாட்டரி சூடேறும், பெடல் பேசாது.

ஓரிரு ரூபாய்ச் சாமான் அது! மாற்றுவதற்குப் பத்து நிமிஷம். ஆனால் பையன் பிடுங்கியதைச் சரிசெய்ய எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. உரிந்த கோடுகளுக்குப் பதிலாக மெல்லிய கம்பி இழுத்தோம். ஐ.சி.யை இம்முறை சாக்கெட்டில் உட்கார வைத்தோம். மின்சாரம் கொடுத்து ஐ.சி.யின் கால்களை அளந்தோம். எட்டாம் காலில் 9 வோல்ட். நாலாம் காலில் பூஜ்யம். ஒன்றிலும் ஏழிலும் நாலரை. ஐ.சி.க்கு ஒன்றும் ஆகவில்லை!

காவல் டையோடு இல்லாத பெடலாக இருந்தால் ஐ.சி. போயிருக்கக்கூடும். கபாசிட்டர் உப்பியிருக்கக்கூடும். அதையும் அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் அடாப்டரைக் கழற்று. அதன் முனையை அளந்து பார். பிறகு பெடலின் பிளஸ், மைனஸ் ஒட்டியிருக்கிறதா என்று பார். சால்டரிங் அயர்ன் கடைசியில்தான்.

பையனின் அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "கடையில் ஒன்று வாங்கித் தருகிறேன், இந்த வேலையை விடு" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாங்கிய பெடலும் அந்த அடாப்டரைச் செருகினால் கெட்டுப்போகலாம். அப்போது அதைத் திறந்து பார்க்க வீட்டில் யார் இருப்பார்கள்?

இப்போது பெடலின் மேல் 'நடுவில் மைனஸ்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறான். அந்த அடாப்டரை அவன் அம்மா பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்.