பச்சை உடம்பும் அரை டம்ளர் வெந்நீரும்

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வயிறு தொங்கிவிடும் என்று நம் வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. ஊரை விட்டு வந்து நாற்பது வருஷம் ஆகி, பேரப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தே மறந்துபோனாலும் இந்தச் சட்டம் மட்டும் மறக்கவில்லை. நாக்பூர் வெயிலிலும் பச்சை உடம்புக்காரிக்கு அரை டம்ளர் வெந்நீர்தான். இதைக் கைவிட வேண்டும் என்பது என் கட்சி.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்து ரயில்வேயில் பாலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவமான பத்தாம் நாள் தலைவலி வந்தது. தூக்கமில்லாததால்தான் என்றார்கள், திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். வாந்தி தொடங்கியதும் போன ஆஸ்பத்திரியில் சாதாரண சி.டி. ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வலிப்பு. வேறு ஆஸ்பத்திரியில் சிரைகளைத் தனியாகக் காட்டும் எம்.ஆர். படம் எடுத்த பிறகே, மூளையின் சிரையில் இரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது.

நாம் வழக்கமாகக் கேள்விப்படும் பக்கவாதத்தில் மூளைக்கு இரத்தம் வரும் வழி அடைபடும். இதில் வெளியேறும் வழி அடைபடுகிறது. யார்டுக்குள் வண்டிகள் வந்துகொண்டேயிருக்க, வெளியே போகும் லைன் மட்டும் அடைத்துக்கொண்ட மாதிரி. உள்ளே அழுத்தம் ஏறி மூளை வீங்கும். சில சமயம் இரத்தமும் கசியும். கசிந்திருந்தாலும் உறைவைத் தடுக்கும் ஹெபாரின் ஊசிதான் போடுகிறார்கள். கேட்கவே பயமாக இருந்தது. ஆனால் அதுதான் முறையான வைத்தியமாம். 21 நாடுகளில் 624 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான ஆய்வில், முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் நன்றாகத் தேறியிருக்கிறார்கள். எங்கள் பெண்ணும் தேறிவிட்டாள்.

பிரசவத்தின்போது இரத்தப்போக்கு நிற்பதற்காக, இரத்தம் சீக்கிரம் உறையும்படி இயற்கையே ஏற்பாடு செய்கிறது. அந்த ஏற்பாடு பிரசவத்துக்குப் பின்னும் சில வாரம் நீடிக்கிறது. அந்த நேரத்தில் தண்ணீரையும் குறைத்தால் என்ன ஆகும்? கருத்தடை மாத்திரையையும், கல்யாண விசேஷங்களுக்காக விலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் விழுங்குவதும் இந்த வகை ஆபத்துதான்.

சிலருக்கு இது பரம்பரையாகவே வருகிறது. உறைவை அளவோடு நிறுத்தும் புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவை குறைவாகப் பிறப்பவர்கள் உண்டு. (எஸ் என்பது அது கண்டறியப்பட்ட சியாட்டில் நகரத்தின் முதலெழுத்து.) 1994-இல் ஹாலந்தின் லைடன் நகரத்தில் கண்டுபிடித்த இன்னொரு மரபுக் கோளாறு ஐரோப்பியரிடம் அதிகம், நம்மிடம் குறைவு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருப்பவர்களிலும் பலருக்கு ஆயுசு முழுக்க ஒன்றும் ஆவதில்லை. ஆகவே எல்லோரும் டெஸ்ட் எடுக்க ஓடுங்கள் என்று சொல்ல மாட்டேன். கர்ப்ப காலத்தில் புரோட்டீன் எஸ் தானாகவே குறையும் என்பதால், எங்கள் பெண்ணுக்கே பல மாதம் கழித்துத்தான் சோதித்தார்கள். குறைவு உறுதியாயிற்று.

ரயில்வேயில் பாலத்துக்குப் பாலம் ஒரு பதிவேடு உண்டு. எந்த வருஷம் வெள்ளம் எதுவரை ஏறியது என்று தூணிலேயே குறி போட்டிருப்போம். குடும்பத்துக்கு அப்படி என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரிப் படிவத்தில் குடும்ப நோய் என்ற இடத்தில் மாப்பிள்ளை 'இல்லை' என்று எழுதியிருந்தார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? பெண்ணின் அம்மாவழிப் பாட்டிக்கு ஒரு தங்கை. பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாள் ஜன்னி கண்டு போனவள். அது இதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தாய்மாமனுக்கு முப்பத்தைந்து வயதில் தொடைச் சிரையில் இரத்தம் உறைந்தது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒருவர் கும்பகோணத்தில், ஒருவர் பிலாயில், ஒருவர் பூனாவில் என்று சிதறிக் கிடக்கிறோம். பிரசவ அறை வாசலில் இதைச் சொல்ல ஆள் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. வரன் தட்டிப்போகும் என்று மறைக்கிறோம். இந்தப் பெண்ணின் தங்கைக்கு இப்போது இடம் பார்க்கிறார்கள். "கல்யாணம் முடியட்டும், அதுவரை வாயைத் திறக்காதீர்கள் அண்ணா" என்கிறாள் அவள் அம்மா. பிள்ளை வீட்டாரிடம் போய்ச் சொல்வது என் வேலையல்ல. அந்தப் பெண்ணிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லி, டாக்டரின் சீட்டுக்கு ஒரு நகலும் கொடுத்துவிட்டேன்.