பாங்கிக்கு நாம் கட்டும் கப்பம்

திருநாவலூரில் பிறந்த சுந்தரரைக் கல்யாணப் பந்தலிலே மறித்து, அடிமை ஓலையைக் காட்டி இழுத்துப் போனார் ஒரு கிழவர் என்பது ஊரறிந்த கதை. அந்த ஓலையாவது திருவெண்ணெய்நல்லூர்ச் சபையிலே எல்லோரும் கேட்கப் படிக்கப்பட்டது. பாங்கியில் கணக்குத் திறக்கும்போது நாம் கையெழுத்திடும் ஓலையை நமக்குப் படித்துக் காட்டுபவர் யார்?

பாங்கிக்கு லாபம் எப்படி வருகிறது? நமது சேமிப்பைக் குறைந்த வட்டிக்கு வாங்கி, கூடுதல் வட்டிக்குக் கடன் கொடுக்கிறது. இது பழைய வழி. கட்டணமும் அபராதமும் புதிய வழி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 ஜூனில் ஸ்டேட் பாங்கி சேமிப்பு வட்டியை நூற்றுக்கு இரண்டரை ரூபாயாகக் குறைத்தது. கரும்பு வெட்டி மிச்சம் பிடித்த 1,000 ரூபாய் ஓராண்டு கிடந்தால் 25 ரூபாய் கிடைக்கும். இலவசத் தடவைகள் தீர்ந்தபின் ஒரே ஒரு முறை ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால், 2025 மே முதல் 23 ரூபாய்வரை பிடிக்கலாம். வரியும் சேர்ந்தால் 27 ரூபாய். ஆண்டு முழுவதும் கிடைத்த வட்டி ஒரே நிமிஷத்தில் போயிற்று!

இது சில்லறை விஷயமல்ல. 2023 ஆகஸ்டில் ராஜ்ய சபையில் சர்க்கார் தந்த கணக்கு இது: பொதுத்துறை பாங்கிகளும் ஐந்து பெரிய தனியார் பாங்கிகளும் 2018 முதல் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு 21,000 கோடி ரூபாய்க்கு மேலும், கூடுதல் ஏ.டி.எம். உபயோகத்துக்கு 8,000 கோடிக்கு மேலும், குறுஞ்செய்திக்கு 6,000 கோடிக்கு மேலும் வசூலித்தன.

இருப்பு குறைவது யாருக்கு? நடவில்லாத மாதத்தில் விவசாயத் தொழிலாளிக்கு. ஆலை நிற்கும்போது ஆலைத் தொழிலாளிக்கு. இல்லாதவனிடம், இல்லை என்பதற்காகவே அபராதம்! உலகில் வேறெங்கே உண்டு இந்த நியாயம்?

ஸ்டேட் பாங்கி 2020இலும், இந்தியன் பாங்கி 2025 ஜூலையிலும் இந்த அபராதத்தைக் கைவிட்டன. அதனால் அவை மூடப்பட்டுவிட்டனவா? இல்லையே! அப்படியானால் மற்ற பாங்கிகள் ஏன் பிடிக்க வேண்டும்? சாமானிய மக்களுக்காக என்று சொல்லித்தானே 1969இல் 14 பாங்கிகள் தேசவுடைமையாயின?

தோழர்களே! உங்கள் பாஸ் புத்தகத்தை விரியுங்கள். எழுத்துத் தெரிந்த இளைஞரிடம் கொடுத்து, ஒவ்வொரு பிடித்தத்துக்கும் காரணம் கேளுங்கள். இருப்பே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை எல்லாப் பாங்கிகளும் தரவேண்டும் என்று ரிசர்வ் பாங்கி 2012இலேயே உத்தரவிட்டிருக்கிறது. உள்ள கணக்கையே அப்படி மாற்ற எழுதிக் கொடுங்கள். தனியாகப் போனால் நாளை வா என்பார்கள். பத்துப் பேராகப் போவோம். பதில் பெறாமல் திரும்பமாட்டோம்!