ஆட்குறைப்பா, ராஜிநாமாவா? ஒரு சொல்லில் தங்கியிருக்கும் உரிமை

புதுதில்லி: வேலையை விட்டு அனுப்ப முடிவெடுக்கும் நிறுவனங்கள் பலவும் ஊழியரிடம் முதலில் கேட்பது ராஜிநாமா கடிதத்தைத்தான். அனுபவச் சான்றிதழில் சிக்கல் வராது என்ற எண்ணத்தில் பலர் கையெழுத்திட்டுவிடுகின்றனர். ஆனால், விருப்பத்தின் பேரில் விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கும் உரிமை சட்டத்தில் இல்லை.

29 தொழிலாளர் சட்டங்களுக்கு மாற்றாக 4 சட்டத்தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றுள் ஒன்றான தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தைப் பிடித்துள்ளது. ஆட்குறைப்புக்கான விதிகள் இனி இதில்தான் அடங்கியுள்ளன.

எவ்வளவு கிடைக்கும்?

ஓராண்டு தொடர்ச்சியாகப் பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்பு செய்ய வேண்டுமெனில், காரணத்தைக் குறிப்பிட்டு ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும் அல்லது அந்தக் காலத்துக்கான ஊதியத்தை வழங்க வேண்டும். பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாக அளிக்கப்பட வேண்டும். 6 மாதத்துக்கு மேற்பட்ட பகுதி, முழு ஆண்டாகக் கணக்கிடப்படும்.

நாளொன்றுக்கு 800 ரூபாய் சராசரி ஊதியம் பெற்று, 8 ஆண்டுகள் 7 மாதங்கள் பணியாற்றிய ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு 9 ஆண்டுகளுக்கு 135 நாள் ஊதியம், அதாவது 1,08,000 ரூபாய் இழப்பீடு சேரும். பணிக்கொடை இதற்கு அப்பாற்பட்டது. நிலுவை ஊதியத்தை 2 வேலை நாள்களுக்குள் வழங்க வேண்டும் என்று ஊதியச் சட்டத்தொகுப்பு கூறுகிறது.

இழப்பீடு வழங்குவது ஆட்குறைப்புக்கு முன்நிபந்தனை என்றும், அதை நிறைவேற்றாத ஆட்குறைப்பு செல்லாது என்றும் உச்சநீதிமன்றம் 1960-இலேயே தீர்ப்பளித்தது. எனினும், விதிமீறல் நிரூபணமானாலே மீண்டும் வேலை என்பது உறுதியல்ல. தினக்கூலி ஊழியர்களின் வழக்குகளில் பணமாக இழப்பீடு வழங்கும் போக்கை நீதிமன்றங்கள் பிற்காலத்தில் கைக்கொண்டுள்ளன.

ஒரே பிரிவில் பலர் இருந்தால், பொதுவாகக் கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் வெளியேற்றப்பட வேண்டும். ஓராண்டுக்குள் மீண்டும் ஆள் எடுத்தால், நீக்கப்பட்டவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும்.

கூடியதும் குறைந்ததும்

ஆட்குறைப்புக்கு உள்ளானவரின் கடைசி ஊதியத்தில் 15 நாளுக்குச் சமமான தொகையை மறுதிறன் நிதிக்கு நிறுவனம் செலுத்த வேண்டும் என்பது புதிய ஏற்பாடு. அத்தொகை 45 நாள்களுக்குள் தொழிலாளியின் வங்கிக் கணக்கைச் சென்றடைய வேண்டும்.

மறுபுறம், அரசின் முன் அனுமதி பெற்றே ஆட்குறைப்பு செய்ய வேண்டிய நிறுவனங்களுக்கான வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. 1976-இல் இந்த அனுமதி முறை அறிமுகமானபோது வரம்பு 300 ஆகவே இருந்தது. பின்னரே 100 ஆகக் குறைக்கப்பட்டது. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டத் தொழில் ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி விதி பொருந்தும். ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் மென்பொருள் நிறுவனத்துக்கு அது பொருந்தாது. பணிநீக்கத்தை எதிர்த்துத் தீர்ப்பாயத்தை அணுகுவதற்கான காலவரம்பும் 3 ஆண்டுகளிலிருந்து 2 ஆண்டுகளாகச் சுருங்கியுள்ளது.

யார் தொழிலாளி?

மேலாண்மை, நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்களும் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். இங்கு பதவியின் பெயரைவிட, செய்யும் பணியின் தன்மையே முக்கியம். 'மேலாளர்' என்று அழைக்கப்பட்டாலும், முதன்மையாகத் தொழில்நுட்பப் பணியைச் செய்பவர் தொழிலாளியாகக் கருதப்பட வாய்ப்புண்டு.

2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் தனது ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலை ஊழியர்களே பாதிக்கப்படுவர் என்று கூறப்பட்டதால், இந்த வரையறை குறித்த கேள்வி மேலும் முக்கியத்துவம் பெற்றது. வரையறைக்கு வெளியே இருப்பவர்கள் பணி ஒப்பந்தத்தையும், மாநிலங்களின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டங்களையுமே நம்பியிருக்க வேண்டும். குறித்த கால ஒப்பந்தம் முடிந்து வேலையிழப்பதும் ஆட்குறைப்பாகாது.

கட்டாயத்தின் பேரில் பெறப்பட்ட ராஜிநாமாவை எதிர்த்து வழக்காடலாம். ஆனால், கட்டாயப்படுத்தப்பட்டதை நிரூபிக்கும் பொறுப்பு ஊழியர் மீதே விழும். நியமன ஆணை, ஊதியச் சீட்டுகள், வெளியேறுமாறு வந்த மின்னஞ்சல்கள் ஆகியவை அப்போது சாட்சியாகும். அலுவலகக் கணினியின் அணுகல் துண்டிக்கப்பட்ட பிறகு அவற்றைத் தேடுவது கடினம். சட்டம் அளிக்கும் 15 நாள் ஊதியக் கணக்கு, அது 'ஆட்குறைப்பு' என்று ஆவணத்தில் பதிவானால்தான் எளிதில் கைக்கு வரும்.