வயசானா அப்படித்தான்னு சொல்லாதீங்க

எங்க ஊர்ல நாப்பது வயசு தாண்டினவங்க நிறைய பேருக்குக் கிட்டத்துல இருக்கறது மங்கலாத்தான் தெரியுது. வெள்ளெழுத்து, சாளேசரம்னு இதுக்குப் பேர் மட்டும் ரெண்டு வச்சிருக்கோம். கண்ணாடிதான் இல்ல. கேட்டா, "ஏட்டுப் படிப்பே இல்லாதவங்களுக்குப் படிக்கிற கண்ணாடி எதுக்கு?"ங்கறாங்க.

எதுக்கா? மாமல்லபுரத்துல உளி பிடிக்கிறவருக்குக் கல்லுல போட்ட கோடு தெரியணும். சதுரங்கப்பட்டினத்துல வலை பழுது பாக்கறவருக்குக் கண்ணி தெரியணும். செங்கல்பட்டுப் பக்கம் மருந்தடிக்கிறவருக்கு டப்பாவுல சிவப்பு முக்கோணம் தெரியுது. எத்தனை மில்லி கலக்கணும்ங்கற பொடி எழுத்து தெரியல. அது விஷம் சார்.

கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் வயசாக ஆக இறுகிப்போகுது, அவ்வளவுதான். ஆபரேஷன் வேணாம், ஒரு சாதாரண கண்ணாடி போதும். அசாம் தேயிலைத் தோட்டத்துல 40 வயசு தாண்டின 751 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. 2018ல லான்செட் குளோபல் ஹெல்த் இதழ்ல வந்தது. கண்ணாடி போட்டவங்க பறிச்ச இலை, போடாதவங்கள விட சுமார் 22 சதவீதம் கூடிச்சு. கூலிக்காரங்களுக்கு அது சோறு.

ஆனா எங்க பக்கம் வர்ற கண் முகாம்ல டார்ச் அடிச்சுப் புரை இருக்கான்னு பாக்கறாங்க. இல்லன்னா, "ஒண்ணுமில்ல, வயசாச்சும்மா, போயிட்டு வா." புரையைப் பாருங்க, வேணாங்கல. கூடவே கிட்டப்பார்வையையும் சோதிச்சு, அங்கயே கண்ணாடியக் கையில குடுங்க. இத முகாம் நடத்தறவங்ககிட்ட கேளுங்க.

பட்டணத்துல இருக்கறவங்க ஊருக்கு வரும்போது ஸ்வீட் பாக்ஸோட நிறுத்தாதீங்க. அம்மா அப்பாவக் கண் டாக்டர்கிட்ட ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க. கண் அழுத்தம், சர்க்கரையால வந்த கோளாறு இருந்தாலும் அப்பவே தெரிஞ்சிடும்.